வட்டார வாரியான நோய்க் கணக்கு: சார்ட்டில் எப்படிக் காட்டினால் தவறாகப் படிக்கப்படாது?

இளவேனில்

வணக்கம். ஒரு மாவட்டத்தின் சுகாதார ஆண்டறிக்கைக்கு எக்செலில் சார்ட்டுகள் தயாராகின்றன. 18 வட்டாரங்கள், 10 ஆண்டுத் தரவு. அலுவலர்கள் மட்டுமல்ல, உள்ளாட்சி உறுப்பினர்களும் செய்தியாளர்களும் இதிலிருந்துதான் எண்களை எடுப்பார்கள். சிக்கலான இடங்களைக் கீழே தருகிறேன். கணக்கு புரிவதற்காக எண்களை எளிமையாக மாற்றியிருக்கிறேன்.

முதலில் காசநோய். மிகச் சிறிய வட்டாரத்தில் 8,000 பேர், மிகப் பெரியதில் 2 லட்சம் பேர். எண்ணிக்கையை அப்படியே போட்டால் பெரிய வட்டாரம்தான் எப்போதும் முதலில் நிற்கிறது. லட்சம் பேருக்கு இத்தனை என்று மாற்றினால் சிறியது மேலே தாவுகிறது. அங்கே போன ஆண்டு 4 பேர், இந்த ஆண்டு 8 பேர். லட்சத்துக்கு 50 என்பது 100 ஆகிவிட்டது. 'இரு மடங்கு' என்று செய்தி வரும். நிலப்படத்திலும் அதுதான் அடர் சிவப்பில் கண்ணில் படுகிறது.

அடுத்து தடுப்பூசி. ஒரு வட்டாரத்தில் 91 சதவீதக் குழந்தைகளுக்குப் போட்டாயிற்று, இன்னொன்றில் 94. பட்டை 0-வில் தொடங்கினால் எல்லாம் ஒரே உயரம். 85-ல் தொடங்கினால் வித்தியாசம் தெரிகிறது, ஆனால் அப்படிச் செய்யக் கூடாது என்கிறார்கள்.

கடைசியாகக் காய்ச்சல். அறிகுறி தொடங்கிய தேதியை வைத்துத் தினசரி வரைபடம். எந்த நாளில் வரைந்தாலும் கடைசிப் பத்து நாள் சரிந்துதான் இருக்கிறது. இவற்றை எப்படிக் கையாள்வது?

தரவுத்தச்சன்

எண்ணிக்கையும் வேண்டும், வீதமும் வேண்டும். இரண்டுக்கும் வேலை வேறு. எத்தனை பேருக்கு மருந்து, எத்தனை படுக்கை, எத்தனை ஆள் என்று திட்டமிடுகிறவருக்கு எண்ணிக்கை. எங்கே ஆபத்து அதிகம் என்று ஒப்பிடுகிறவருக்கு வீதம். சார்ட்டில் வீதத்தை வரையுங்கள்; வட்டாரப் பெயரை ஒட்டி எண்ணிக்கையை எழுதுங்கள். புள்ளி 100-ல் நிற்கும்போது பக்கத்திலேயே '8 பேர்' என்று இருந்தால் படிப்பவர் தானாகவே நிதானிப்பார்.

வகுக்கும் எண்ணில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. ஆண்டுக் கணக்குக்கு ஆண்டின் நடுப்பகுதி மக்கள்தொகையை எடுப்பது வழக்கம். பத்து ஆண்டுகளுக்கும் ஒரே கணக்கெடுப்பு எண்ணால் வகுத்தால், குடியேற்றம் நடக்கும் வட்டாரத்தில் நோய் ஆண்டுதோறும் கூடுவது போலவே தெரியும். உண்மையில் கூடியது ஆட்கள்தான். சிசு இறப்புக்கு உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகள், பேறுகால இறப்புக்கு உயிருடன் பிறந்த 1 லட்சம் குழந்தைகள், கருப்பைவாய்ப் புற்றுக்குப் பெண்கள் மட்டும். அச்சின் பெயரில் 'வீதம்' என்று மட்டும் எழுதாமல் 'லட்சம் பேருக்குப் புதிய நோயாளிகள், ஓர் ஆண்டில்' என்று முழுசாக எழுதுங்கள்.

இனி அந்த 4-ம் 8-ம். நோயின் உண்மையான ஆபத்து கொஞ்சமும் மாறாமலே சிறிய எண்ணிக்கைகள் இப்படி ஆடும். 12 நோயாளிகளையும் நாணயம் சுண்டி இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்தாலே 4–8 என்றோ அதைவிட ஏற்றத்தாழ்வாகவோ பிரிவது 100-க்கு 39 முறை நடக்கும். ஆக, இந்தத் தரவை வைத்து 'இரு மடங்கு ஆனது' என்று எழுத முடியாது.

இதைச் சார்ட்டில் காட்ட நம்பிக்கை இடைவெளி வேண்டும், அதாவது உண்மையான மதிப்பு எதிலிருந்து எதுவரை இருக்கக்கூடும் என்ற எல்லை. எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது, திட்ட விலக்கத்தைக் கூட்டிக் கழிக்கும் எளிய வழியை விட்டுவிட்டு பாய்சான் பரவலின் (அரிதான நிகழ்வுகளின் எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு ஆடும் என்று சொல்லும் கணக்கு) துல்லியமான எல்லைகளை எடுங்கள். அதற்கு எக்செலில் கை-வர்க்கப் பரவலின் நேர்மாறுச் சார்பு (CHISQ.INV) இருக்கிறது. கீழ் எல்லைக்கு: நிகழ்தகவு 0.025, வரையற்ற பாகை (அந்தச் சார்பு கேட்கும் இரண்டாவது எண்) நோயாளிகள் எண்ணிக்கையைப் போல இரு மடங்கு. வரும் மதிப்பில் பாதி. மேல் எல்லைக்கு: நிகழ்தகவு 0.975, வரையற்ற பாகை இரு மடங்கோடு 2 கூட்டியது, அதிலும் பாதி. 4-க்கு 1.1 முதல் 10.2 வரை கிடைக்கும், 8-க்கு 3.5 முதல் 15.8 வரை. 8,000-ஆல் வகுத்தால் போன ஆண்டு லட்சத்துக்கு 14 முதல் 128, இந்த ஆண்டு 43 முதல் 197. இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த செய்தியாளர் 'இரு மடங்கு' என்று தலைப்புப் போடத் தயங்குவார்.

இதே வழியில் 0-வையும் கவனியுங்கள். ஒருவர்கூடப் பதிவாகாத வட்டாரத்துக்கு மேல் எல்லை 3.7. எட்டாயிரம் பேரில் அது லட்சத்துக்கு 46. 'நோயே இல்லாத வட்டாரம்' என்று பச்சை நிறம் அடித்துவிடாதீர்கள்.

எண்ணிக்கை 20-க்குக் கீழே போனால் வீதத்தின் திட்டப் பிழையே (தற்செயலால் வீதம் வழக்கமாக விலகும் அளவு) அந்த வீதத்தில் 22 சதவீதத்தைத் தாண்டிவிடும். அமெரிக்க தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் 20-க்குக் குறைந்த இறப்புகளிலிருந்து வந்த வீதங்களை நம்பகமற்றவை என்று நெடுங்காலம் குறித்து வந்தது இதனால்தான். சிறிய வட்டாரங்களுக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வீதமாகத் தாருங்கள். மூன்று ஆண்டில் 17 பேர் என்றால் வகுக்கும் எண் 8,000 அல்ல, 24,000. வீதம் லட்சத்துக்கு 71, இடைவெளி 41 முதல் 113. இன்னும் அகலம்தான், ஆனாலும் பேசக்கூடிய எண். மேலே மூன்று ஆண்டைக் கூட்டிவிட்டுக் கீழே ஓர் ஆண்டு மக்கள்தொகையால் வகுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. வீதம் திடீரென மூன்று மடங்காகத் தெரிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

18 வட்டாரங்களையும் ஒப்பிட என் பரிந்துரை புனல் வரைபடம். கிடை அச்சில் மக்கள்தொகை, நெடு அச்சில் வீதம், நடுவில் மாவட்டச் சராசரிக்கு ஒரு நேர்கோடு. சராசரி லட்சத்துக்கு 60 என்று வையுங்கள். 8,000 பேரில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 4.8, அதன் வர்க்கமூலம் 2.19. இதை 1.96-ஆல் பெருக்கிக் கூட்டிக் கழித்தால் 0.5 முதல் 9.1 வரை, அதாவது லட்சத்துக்கு 6 முதல் 114. 2 லட்சம் பேரில் எதிர்பார்ப்பது 120. எல்லை லட்சத்துக்கு 49 முதல் 71. இடப்பக்கம் அகன்று வலப்பக்கம் குறுகும் புனல் கிடைக்கும். உங்கள் சிறிய வட்டாரம் 100-ல் இருந்தும் புனலுக்கு உள்ளேயே நிற்கும். 2 லட்சம் பேர் கொண்ட வட்டாரம் வெறும் 75-ல் இருந்தாலே வெளியே வந்துவிடும், அதைத்தான் விசாரிக்க வேண்டும். எதிர்பார்ப்பு 10-க்குக் கீழே இருக்கும் இடங்களில் வர்க்கமூல வழி சற்றுப் பிசகும். அங்கே பாய்சான் எல்லை போடுங்கள். 95 சதவீதக் கோட்டோடு நிறுத்தாமல் 99.8 சதவீதத்துக்கும் ஒரு கோடு போடுங்கள், பெருக்கும் எண் 3.09. 18 வட்டாரங்களில் ஒன்று தற்செயலாகவே 95 கோட்டுக்கு வெளியே விழ வாய்ப்பு உண்டு.

வண்ணத்திரை

நிலப்படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிக்கையில் எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மேலே சொன்ன சிற்றெண் ஆட்டம் நிலப்படத்தில் இன்னும் மோசமாகும். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் 2007-ல் எழுதிய ஒரு கட்டுரையில் அமெரிக்கக் கவுண்டிகளின் (மாநிலங்களின் உட்பிரிவுகள்) சிறுநீரகப் புற்றுநோய் நிலப்படத்தை எடுத்துக்காட்டினார். வீதம் மிகக் குறைந்த கவுண்டிகளைக் குறித்தால் பெரும்பாலும் ஆள்குறைவான கிராமப்புறங்கள். நல்ல காற்று, இயற்கையான வாழ்க்கை என்று காரணம் தேடத் தோன்றும். வீதம் மிக அதிகமான கவுண்டிகளைக் குறித்தால் அவையும் ஆள்குறைவான கிராமப்புறங்கள்தான். ஆட்கள் குறைவு, ஆகவே வீதம் இரு பக்கமும் எகிறுகிறது. நிறத்தில் மட்டும் காட்டினால் இதைக் கண்டுபிடிக்கவே வழியில்லை, ஏனென்றால் நிறத்தின் மேல் நம்பிக்கை இடைவெளி வரைய முடியாது.

போதாக்குறைக்கு, பரப்பு பெரிதான வட்டாரம் கண்ணை நிரப்பும். நெருக்கமாக மக்கள் வாழும் சிறிய வட்டாரம் ஒரு பொட்டாகத் தெரியும். நோயாளிகள் பெரும்பாலும் அந்தப் பொட்டுக்குள்தான் இருப்பார்கள்.

அதனால் வட்டாரங்களை வீதத்தின்படி மேலிருந்து கீழாக அடுக்கிய புள்ளி வரைபடம், ஒவ்வொரு புள்ளிக்கும் இருபுறம் இடைவெளிக் கோடு, பக்கத்தில் சின்னதாக ஒரு நிலப்படம் என்று வையுங்கள். இடம்தான் காரணம் என்று சந்தேகம் இருக்கும்போது மட்டும் நிலப்படம் முன்னால் வரட்டும். மருத்துவர் ஜான் ஸ்னோ 1854-ல் லண்டன் பிராட் தெருவின் காலரா இறப்புகளை வீடு வீடாகப் படத்தில் குறித்தார். எந்தக் குழாயடிக்குப் பக்கத்தில் என்பதே அங்கே கேள்வி. உங்கள் காசநோய்த் தரவில் அப்படி ஒரு கேள்வி இருப்பதாகத் தெரியவில்லை.

நிலப்படம் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரே நிறத்தின் வெளிர் முதல் அடர் வரை ஐந்து படி போதும். சிவப்பு–பச்சை வேண்டாம், வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12-ல் ஒருவருக்கு அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாது. சராசரிக்கு மேல், கீழ் என்று இரு திசை காட்ட வேண்டுமென்றால் நீலம்–ஆரஞ்சு. கருப்பு வெள்ளையில் அச்சடித்துப் பாருங்கள், படிகள் பிரிந்து தெரிந்தால் சரி. பல ஆண்டுப் படங்களை வரிசையாக வைக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே படி எல்லைகள் இருக்கட்டும். ஒவ்வொரு ஆண்டுக்கும் மென்பொருள் தானாக எல்லையை மாற்றினால் நோய் பாதியாகக் குறைந்த ஆண்டிலும் அதே அளவு அடர் நிறம் இருக்கும்.

புள்ளிமயில்

தடுப்பூசி சார்ட்டுக்கு மட்டும் சொல்கிறேன். பட்டையின் நீளத்தைத்தான் கண் அளக்கிறது, ஆகவே பட்டை என்றால் 0-வில்தான் தொடங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 85-ல் தொடங்கினால் 94-ன் பட்டை 91-ன் பட்டையைப் போல ஒன்றரை மடங்காகத் தெரியும். ஆனால் பட்டைதான் வேண்டும் என்று யார் சொன்னது? புள்ளி போடுங்கள். புள்ளியில் கண் இடத்தைத்தான் பார்க்கிறது, அச்சு 85-ல் தொடங்கலாம். தொடக்கம் 85 என்று அச்சிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடிக்கும்: போடாதவர்களைக் காட்டுங்கள். 91-ம் 94-ம் என்பது 9-ம் 6-ம் ஆகும். 0-வில் தொடங்கிய பட்டையிலேயே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தட்டம்மை போல வேகமாகப் பரவும் நோயில் போடாமல் விடுபட்டவர்களின் எண்ணிக்கைதான் பரவலைத் தீர்மானிக்கிறது, ஆகவே இது வெறும் அலங்கார மாற்றம் இல்லை. எழுதும்போது '3 சதவீதப் புள்ளி உயர்வு' என்று எழுதுங்கள், '3 சதவீத உயர்வு' என்றால் வேறு பொருள்.

இளவேனில்

மிக்க நன்றி. புனல் வரைபடம் போட்டுப் பார்த்ததில் மூன்று வட்டாரங்கள் மட்டுமே வெளியே நிற்கின்றன.

இறப்பு அத்தியாயத்தில் ஒரு சந்தேகம். முதியவர்கள் அதிகம் உள்ள வட்டாரத்தில் இறப்பு வீதம் தாறுமாறாக உயர்ந்து தெரிகிறது. வயதுக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று தெரியும், செய்முறை பிடிபடவில்லை. கூடவே, 'மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் தடுப்பூசி போட்டவர், போடாதவர்' என்று ஒரு பை சார்ட் கேட்டிருக்கிறார்கள். அதில் போட்டவர்கள் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் வருகிறது. வெளியிட்டால் தடுப்பூசிக்கு எதிராகப் படிப்பார்களோ என்று தோன்றுகிறது.

நெடுங்கணக்கு

வயதுத் தரப்படுத்தலை ஒரு சிறிய கணக்கில் பார்த்துவிடலாம். இரண்டு வட்டாரங்கள், இரண்டிலும் 1 லட்சம் பேர்.

முதல் வட்டாரம்: 65-க்குக் கீழ் 90,000 பேர், இறப்பு 90, லட்சத்துக்கு 100. 65-ம் அதற்கு மேலும் 10,000 பேர், இறப்பு 300, லட்சத்துக்கு 3,000. மொத்தம் லட்சத்துக்கு 390.

இரண்டாம் வட்டாரம்: 65-க்குக் கீழ் 75,000 பேர், இறப்பு 60, லட்சத்துக்கு 80. 65-ம் மேலும் 25,000 பேர், இறப்பு 625, லட்சத்துக்கு 2,500. மொத்தம் லட்சத்துக்கு 685.

இரண்டு வயதுப் பிரிவிலும் இரண்டாம் வட்டாரத்தில்தான் இறப்பு குறைவு. ஆனால் மொத்த வீதத்தைப் பட்டையாக வரைந்தால் அதுதான் மோசமான வட்டாரம். இப்போது இரண்டுக்கும் ஒரே வயது அமைப்பை வைப்போம், இளையவர் 80 சதவீதம், முதியவர் 20. முதல் வட்டாரம்: 0.8 பெருக்கல் 100, கூட்டல் 0.2 பெருக்கல் 3,000, ஆக 680. இரண்டாவது: 64 கூட்டல் 500, ஆக 564. வரிசை தலைகீழாக மாறிவிட்டது. செய்முறை இவ்வளவுதான், உண்மையில் இரண்டு பிரிவுக்குப் பதிலாக ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகள் இருக்கும்.

எந்த வயது அமைப்பை வைப்பது என்பது மரபு. உலக சுகாதார நிறுவனம் 2000 முதல் 2025 வரையான உலக மக்கள்தொகையின் சராசரியிலிருந்து ஒரு தர அமைப்பைத் தந்திருக்கிறது. புற்றுநோய்ப் பதிவேடுகள் செகி அமைப்பு என்ற பழைய உலகத் தர வயது அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. அதில் இளையோர் பங்கு அதிகம், அதனால் முதுமை நோய்களின் வீதம் தணிந்து வரும். இரண்டு அமைப்பில் கணக்கிட்ட வீதங்களை ஒரே சார்ட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். தரப்படுத்திய 564 ஒப்பீட்டுக்கு மட்டும் உருவாக்கிய எண், அந்த வட்டாரத்தில் 564 பேர் இறந்ததாகப் பொருள் இல்லை. அதனால் அட்டவணையில் தரப்படுத்தாத வீதமும் இறப்பு எண்ணிக்கையும் கூடவே இருக்கட்டும்.

சிறிய வட்டாரத்தில் வயதுப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு இறப்புதான் இருக்கும்; அங்கே இந்த முறை தள்ளாடும். மாவட்டத்தின் வயதுவாரி வீதங்களை அந்த வட்டார மக்கள்தொகையில் பொருத்தி எதிர்பார்க்கும் இறப்பைக் கணக்கிட்டு, நடந்ததை எதிர்பார்த்ததால் வகுங்கள். 1-க்கு மேல் என்றால் மாவட்டத்தைவிட அதிகம். இந்த விகிதங்களை மாவட்டத்தோடுதான் ஒப்பிடலாம், ஒரு வட்டாரத்தை இன்னொன்றோடு கறாராக ஒப்பிட முடியாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் தன் சொந்த வயது அமைப்பில் எடை போடப்பட்டது. இந்த விகிதங்களை வரையும்போது மட்டும் மடக்கை அச்சு (சம மடங்குகள் சம தூரத்தில் வரும் அச்சு) போடுங்கள்: 0.5-ம் 2-ம் 1-லிருந்து சம தூரத்தில் நிற்க வேண்டும்.

அந்தப் பை சார்ட்டை வெளியிட வேண்டாம் என்றே சொல்வேன். எண் பொய் என்பதால் அல்ல, கேள்விக்குப் பதில் அதில் இல்லை என்பதால். 1 லட்சம் பேரில் 90,000 பேர் போட்டவர்கள், 10,000 பேர் போடாதவர்கள் என்று வையுங்கள். போடாதவர்களில் 1 சதவீதம், அதாவது 100 பேர், மருத்துவமனைக்குப் போகிறார்கள். போட்டவர்களில் 0.2 சதவீதம், அதாவது 180 பேர். சேர்ந்த 280 பேரில் 180 பேர் போட்டவர்கள், 64 சதவீதம். ஆனால் ஆபத்து ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. பை சார்ட்டுக்கு வகுக்கும் எண் நோயாளிகளின் மொத்தம். நமக்கு வேண்டிய வகுக்கும் எண் ஊரில் போட்டவர் எத்தனை, போடாதவர் எத்தனை என்பது. 1,000 போட்டவர்களில் 2 பேர், 1,000 போடாதவர்களில் 10 பேர் என்று இரண்டு பட்டை போதும். இரண்டுக்கும் அடியில் அதே 1,000 இருக்க வேண்டும். '500-ல் 1', '100-ல் 1' என்று எழுதினால் 500 என்ற பெரிய எண்ணைப் பார்த்து அதுதான் பெரிய ஆபத்து என்று பலர் படித்துவிடுவார்கள். இதையும் வயது வாரியாகப் பிரிப்பது நல்லது, ஏனென்றால் முதியவர்கள்தான் அதிகம் போட்டிருப்பார்கள், அதிகம் சேர்வதும் அவர்கள்தான்.

தரவுத்தச்சன்

காய்ச்சல் வரைபடத்தை யாரும் தொடவில்லை, சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் பத்து நாள் சரிவது பதிவுத் தாமதம். இன்று அறிகுறி தொடங்கியவர் இன்னும் மருத்துவரைப் பார்க்கவில்லை, பரிசோதனை முடிவு வரவில்லை, பதிவேட்டில் ஏறவில்லை. தீர்வு உங்கள் தரவிலேயே இருக்கிறது. பழைய பதிவுகளில் அறிகுறித் தேதிக்கும் பதிவான தேதிக்கும் உள்ள நாள் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். எத்தனையாவது நாளுக்குள் 95 சதவீதம் வந்து சேர்கிறது என்று பாருங்கள். 11 நாள் என்றால் கடைசி 11 நாளைச் சாம்பல் பின்புலத்தில் வைத்து 'இந்த நாட்களுக்கான பதிவு முழுமையாகவில்லை, எண்ணிக்கை கூடும்' என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். அடிக்குறிப்பில் ஒளித்து வைத்தால், படத்தை மட்டும் வெட்டிப் பகிரும்போது அது போய்விடும்.

பதிவான தேதியை வைத்து வரைந்தால் இந்தச் சரிவு இருக்காது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பள்ளமும் திங்கட்கிழமை மேடும் வரும். அதற்கு ஏழு நாள் நகரும் சராசரி. கடந்த ஏழு நாளின் சராசரியைக் கடைசி நாளில் குறித்தால் உச்சம் உண்மையைவிட மூன்று நாள் தள்ளி விழும்; நடு நாளில் குறித்தால் இடம் சரியாக இருக்கும், கடைசி மூன்று நாளுக்கு மட்டும் கோடு இருக்காது. எது என்று எழுதுங்கள். தினசரி எண்களை வெளிர்ப் பட்டையாகப் பின்னால் விடுங்கள், சராசரியை மட்டும் காட்டி மற்றதை மறைக்க வேண்டாம்.

நேரம் இடமிருந்து வலம் ஓட வேண்டும் என்பது சொல்லத் தேவையில்லாதது போலத் தோன்றும். 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில சுகாதாரத் துறை ஐந்து கவுண்டிகளின் கோவிட் எண்ணிக்கையை வெளியிட்ட பட்டை வரைபடத்தில் தேதிகள் கால வரிசையில் இல்லை, எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் இருந்தன. பார்த்தால் தொற்று சீராகக் குறைவது போலத் தெரிந்தது. 'பெரியதிலிருந்து சிறியது' என்று வரிசைப்படுத்தும் பொத்தான் வட்டாரங்களுக்கு நல்லது, தேதிகளுக்கு ஆகாது.

எக்செலில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில. கோட்டு வரைபடத்தில் ஆண்டுகள் 2005, 2010, 2015, 2016, 2017 என்று இருந்தால், அச்சு எழுத்து வகையாக இருக்கும்வரை ஐந்து ஆண்டு இடைவெளியும் ஓராண்டு இடைவெளியும் ஒரே அகலமாக வரும். கடைசியில் கோடு திடீரெனத் தட்டையாகிவிடும். சிதறல் வரைபடத்தை எடுத்துப் புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். காலிக் கட்டங்களை 0-வாகக் காட்டும் அமைப்பு இருந்தால் அதை இடைவெளியாக மாற்றுங்கள். தரவு வராத மாதம் நோய் இல்லாத மாதமாகிவிடக் கூடாது. கோட்டை வழவழப்பாக்கும் அமைப்பை எடுத்துவிடுங்கள், அது இல்லாத உச்சங்களை வரையும். குமிழி வரைபடம் போட்டால் அளவு பரப்பைக் குறிக்கிறதா, அகலத்தையா என்று பாருங்கள். அகலம் என்று இருந்தால் நான்கு மடங்கு எண்ணிக்கை பதினாறு மடங்கு பரப்பாகத் தெரியும்.

இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் வேறொன்று என்ற இரட்டை அச்சு வேண்டவே வேண்டாம். மழையையும் காய்ச்சலையும் அப்படி வைத்தால், அளவைச் சற்று நகர்த்தினாலே இரண்டு கோடும் ஒட்டி ஓடும் அல்லது வெட்டிக்கொள்ளும். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு படம், ஒரே கால அச்சு.

நோய் வகைப்பாடோ கண்டறியும் விதியோ நடுவில் மாறியிருந்தால் அந்த இடத்தில் கோட்டை உடையுங்கள். அமெரிக்க இறப்புத் தரவு 1999-ல் ஐசிடி எனும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 9-ம் பதிப்பிலிருந்து 10-ம் பதிப்புக்கு மாறியபோது சில காரணங்களின் எண்ணிக்கை வகைப்பாட்டால் மட்டுமே ஏறி இறங்கியது. உங்கள் பத்து ஆண்டில் புதிய பரிசோதனைக் கருவி வந்த ஆண்டு எதுவும் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் நெடுக்குக் கோடு போட்டு அதன் பக்கத்திலேயே காரணத்தை எழுதுங்கள்.

வரைவதற்கு முன்னால் மூலப் பதிவின் மொத்தமும் சார்ட்டுக்குப் போன மொத்தமும் ஒன்றா என்று கூட்டிப் பாருங்கள். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்செல் கோப்பு வகை 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது என்பதே காரணம்.

இளவேனில்

கடைசியாக ஒன்று. படத்துக்குத் தலைப்பு எப்படி எழுதுவது? 5-க்குக் குறைந்த எண்ணிக்கைகளை மறைக்க வேண்டும் என்று எங்களுக்கு விதி இருக்கிறது. அதைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

வண்ணத்திரை

தலைப்பில் கண்டதைச் சொல்லுங்கள், கீழே சிறிய எழுத்தில் அளவையைச் சொல்லுங்கள். 'மூன்று வட்டாரங்களில் காசநோய் மாவட்டச் சராசரியைவிட அதிகம்' என்பது தலைப்பு. 'லட்சம் பேருக்குப் புதிய பதிவுகள், மூன்று ஆண்டுகள் சேர்த்து, 95 சதவீத நம்பிக்கை இடைவெளியுடன்' என்பது துணைத்தலைப்பு. தரவு எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கட்டும். தேதி இல்லாத படம் ஆறு மாதம் கழித்தும் புதியதாகச் சுற்றும்.

மடங்கு, சதவீத உயர்வு போன்ற ஒப்பீட்டு எண்ணைத் தனியாகத் தலைப்பில் வைக்காதீர்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில கருத்தடை மாத்திரைகள் இரத்தக் கட்டி ஆபத்தை இரு மடங்காக்குவதாக எச்சரிக்கை வந்தது. 7,000 பெண்களில் 1 என்பது 2 ஆகிறது என்பதே அதன் பொருள். பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. கருத்தரிப்பே அந்த மாத்திரையைவிட அதிக இரத்தக் கட்டி ஆபத்து உடையது. 'இரு மடங்கு' என்று எழுதும் இடத்திலெல்லாம் எத்தனையில் எத்தனை என்பதும் அதே வரியில் வர வேண்டும்.

மறைத்த எண்ணுக்கு வெற்றிடம் விட்டால் 0 என்று படிப்பார்கள். புள்ளி வரைபடத்தில் அந்த வட்டாரத்தின் வரியை விட்டுவைத்து, புள்ளி இருக்கும் இடத்தில் '5-க்குக் குறைவு' என்று எழுதுங்கள். நிலப்படத்தில் மறைத்ததற்குக் குறுக்குக் கோடு, தரவே வராததற்குச் சாம்பல், உண்மையான 0-வுக்கு வெளிர் படி என்று மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும். மொத்தத்தைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு வட்டாரத்தை மட்டும் மறைத்தால் கழித்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு அடுத்த சிறிய வட்டாரத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். வீதமும் மக்கள்தொகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இதே கதைதான்: 8,000 பேரில் லட்சத்துக்கு 50 என்றால் அது 4 பேர் என்று யாரும் பெருக்கிப் பார்த்துவிடலாம். முதல் பதிவில் நீங்கள் கேட்ட சிறிய வட்டாரத்துக்கு மூன்று ஆண்டுச் சேர்க்கையை மட்டும் வெளியிட்டு, ஓராண்டு வீதத்தை அட்டவணையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அறிக்கையில் மூன்று ஆண்டுச் சாளரம் ஓர் ஆண்டு நகரும். இரண்டு அறிக்கைகளின் மொத்தத்தையும் கழித்தால் புதிதாகச் சேர்ந்த ஆண்டுக்கும் விலகிய ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். விலகிய ஆண்டின் எண் பழைய அறிக்கை எதிலாவது வந்திருந்தால் மறைத்தது வெளியே வந்துவிடும், ஆகவே அச்சுக்கு அனுப்பும் முன் பழைய அறிக்கைகளோடும் ஒத்துப்பாருங்கள்.